தண்ணீர்க் கேன் கணக்கு

முதலுதவிப் பெட்டியின் சாவி எட்டு ஆண்டுகளாக என் மேசை இழுப்பறையில் கிடந்தது. முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டு எதற்கு என்று அத்தனை காலத்தில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. பூட்டாவிட்டால் பஞ்சும் மருந்தும் காணாமல் போய்விடும் என்று சொல்லி எனக்கு முன்னால் இருந்த கணக்கர் சாவியை ஒப்படைத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன். வெளிநாட்டில் முந்திரிப்பருப்பு வாங்குகிறவர்களின் ஆட்கள் ஆய்வுக்கு வருகிற அன்று பெட்டியைத் திறந்து, நாள் கடந்த மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை அடுக்கி, கதவை விரியத் திறந்து வைப்பேன். அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதும் மறுபடி பூட்டு. விரலை வெட்டிக்கொண்டு வருகிறவள் முதலில் என்னைத் தேட வேண்டும், பிறகு நான் சாவியைத் தேட வேண்டும். அதற்குள் அவள் பழைய துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பியிருப்பாள்.

நான் வேலை பார்ப்பது ஓர் அண்டி ஆபீஸில். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: முந்திரிக்கொட்டைக்கு எங்கள் பக்கம் அண்டி என்று பெயர், அதை உடைத்துப் பருப்பெடுக்கிற ஆலை அண்டி ஆபீஸ். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துவிட வேண்டாம். அவை அங்கே எனக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பாதியில், மார்த்தாண்டத்திலிருந்து கருங்கலுக்கோ புதுக்கடைக்கோ போகிற சாலையில் காலையில் நின்று பார்த்தால், தூக்குவாளியும் குடையுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போவது தெரியும். அந்தக் கூட்டத்தில் என் அம்மா 31 ஆண்டுகள் நடந்தாள். அவள் தல்லிய அண்டியில் நான் பி.காம். படித்தேன். படித்துவிட்டு நானும் ஓர் அண்டி ஆபீஸ் கேட்டுக்குள்தான் போனேன். அம்மா இடப்பக்கம் திரும்புவாள், நான் வலப்பக்கம் திரும்புகிறேன்.

தல்லுவது என்றால் வறுத்த அண்டியைக் கல்லில் வைத்து மரக்கட்டையால் அடித்து, பருப்பு உடையாமல் தோட்டை மட்டும் பிளப்பது. இப்போது பல இடங்களில் அண்டியை ஆவியில் வேகவைத்து, காலால் மிதித்துக் கையால் அழுத்தும் கட்டிங் மெஷினில் பிளக்கிறார்கள். எப்படிப் பிளந்தாலும் தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கையில் படும். அனகார்டிக் அமிலமும் கார்டாலும் கலந்த எண்ணெய் அது. சேராங்கொட்டையின் நெருங்கிய சொந்தம் என்று சொன்னால் நம் ஊர்ப் பாட்டிகளுக்குப் புரியும். தோலில் பட்ட இடம் கொப்புளித்து, உரிந்து, கறுத்துப்போகும். அம்மா கல்யாண வீட்டுக்குப் போனால் கடைசி வரை கையை முந்தானைக்குள்தான் வைத்திருப்பாள். சாப்பிட உட்காரும்போது மட்டும் வேறு வழியில்லை. அவள் கையைத் தின்ற எண்ணெயைப் பிரேக் லைனிங்கும் பெயின்டும் செய்கிற கம்பெனிகள் காசு கொடுத்து வாங்குகின்றன. அந்த வரவும் என் பேரேட்டில்தான் ஏறுகிறது.

பிளந்த பருப்பை போர்மா என்கிற சூட்டறையில் உலர்த்துவார்கள். அதன்பின் மேல்தோலை எடுக்க வேண்டும், அது பீலிங். கடைசியில் ரகம் பிரிப்பது, கிரேடிங். 320 என்று பெயரிட்ட ரகத்தில் ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரை நிற்கும், 240 என்றால் இன்னும் பெரியது. பிளக்கிறவர்களுக்கும் தோலெடுக்கிறவர்களுக்கும் எங்கள் ஆபீஸில் எடைக்குக் கூலி. கிரேடிங்கில் இருப்பவர்களுக்கு நாள் கூலி. எனக்கே இந்த வேறுபாடு வெறும் இரண்டு வகைக் கணக்காகத்தான் இருந்தது, அந்த முகாம் நடந்த நாள் வரை.

2023-இல் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. மார்த்தாண்டத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், தொழிலாளர் நலத்துக்காக நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்றார். நல்ல எண்ணம்தான், நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையைப் பிடித்தார்கள். இலவச மருத்துவ முகாம். கேட்டில் ஃபிளெக்ஸ், அதில் முதலாளியின் படம், மருத்துவமனைத் தலைவரின் படம், நடுவில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். பிரஷர், சர்க்கரை, கண், எடை என்று நான்கு மேசை போட்டார்கள். எங்கள் ஆபீஸில் அன்று மஸ்டர் ரோலில், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டில், 146 பேர். (ஏன் 146 என்று பின்னால் சொல்கிறேன்.) முகாமுக்கு வந்தது 61 பேர். மருத்துவமனைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். முதலாளி என்னிடம், "இவர்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்றார்.

அன்று மாலை எடைப் புத்தகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முகாமுக்கு வந்த 61 பேரில் நாள் கூலிக்காரர்கள் ஏறக்குறைய எல்லாரும் இருந்தார்கள். கிரேடிங் பெண்கள், பாய்லர் ஆட்கள், மூட்டை தூக்குகிறவர்கள், டிரைவர், வாட்ச்மேன், நான். எடைக் கூலிக்காரர்களில் வந்தவர்கள் மிகக் கொஞ்சம், அவர்களும் பெரும்பாலும் இளம்பெண்கள். வந்தவர்கள் ஒவ்வொருத்தியின் பருப்பு எடையும் முந்தைய நாளைவிடக் குறைந்திருந்தது. நாற்பது நிமிடம் வரிசையில் நின்றதற்கான விலை அது. இலவச முகாமுக்கு அவர்கள் கட்டணம் கட்டியிருந்தார்கள். ரசீது என் கையில் இருந்தது.

வராதவர்களில் ஒரு பெரியம்மா இருந்தார். அம்மாவோடு வேலை பார்த்தவர், இப்போது பீலிங்கில் இருக்கிறார். மதியத்துக்கு மேல் தலைசுற்றல் வந்து சுவரில் சாய்ந்துகொள்வதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "மக்களே, வரிசையில் நிற்கிற நேரத்துக்கு நாலு பிடி பருப்பு தோலெடுத்துவிடுவேன். எனக்குப் பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் சொல்லித்தானா தெரிய வேண்டும்?" என்றார். (எங்கள் ஊரில் ஒருத்தியைக் கூப்பிட்டாலும் மக்களேதான்.)

விழிப்புணர்வு என்ற சொல்லின் மேல் எனக்கிருந்த மரியாதை அன்றோடு போயிற்று. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் இது, 91.75 சதவீதம். பெரியம்மா தினமும் செய்தித்தாள் படிக்கிறவர். மருத்துவமனைக்கும் இங்கே பஞ்சமில்லை. நெய்யூரில் லண்டன் மிஷன்காரர்கள் மருத்துவம் பார்க்கத் தொடங்கியது 1838-இல். எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் அந்த நெய்யூருக்கு வந்து ஆண்டுக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்தார். நாகர்கோவிலில் ரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் மருத்துவமனை, ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. எந்த பஸ் பிடித்தாலும் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கான ஒரு பகல்தான் எங்கள் பெண்களிடம் கிடையாது.

முகாம் தோற்றதும் முதலாளி விடவில்லை. ஓர் ஆலோசகரை அழைத்து வந்தார். அவர் மடிக்கணினியைத் திறந்து படம் படமாகக் காட்டினார். ஊழியர் நலத்தில் ஒரு ரூபாய் போட்டால் மூன்று ரூபாய் திரும்பி வரும், ஆராய்ச்சியே சொல்கிறது என்றார். கணக்கரிடம் வந்து ஒன்றுக்கு மூன்று என்று சொன்னால் தூக்கம் வருமா? தேடிப் பிடித்துப் படித்தேன். ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த மூன்று பேர் அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இத்தகைய திட்டங்களில் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் 3.27 டாலர் மிச்சமாகிறது என்று எழுதினார்கள். அந்த எண்தான் உலகம் சுற்றி எங்கள் அண்டி ஆபீஸ் வரை வந்திருக்கிறது. ஆனால் அந்த மூவரில் இருவர் பிறகு நேரடியாகவே ஒரு சோதனை செய்து பார்த்தார்கள் என்பதை ஆலோசகர் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஒரு பெரிய கிடங்குக் கடை நிறுவனம், 160 கிளைகள், ஏறக்குறைய 33,000 ஊழியர்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த இருபது கிளைகளில் மட்டும் உணவு, உடற்பயிற்சி, மன அழுத்தம் பற்றிய பாடங்களைப் பதினெட்டு மாதம் நடத்தினார்கள். 2019-இல் முடிவு வந்தது. அந்த இருபது கிளைக்காரர்கள் நாங்கள் அதிகம் உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று தாங்களாகச் சொன்னது கூடியிருந்தது. இரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் எடை, விடுப்பு, மருத்துவச் செலவு எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

முன்பு வந்த ஆய்வுகளில் பலவற்றைப் பற்றி ஒரு சந்தேகம் உண்டு. திட்டத்தில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டால், சேருகிறவர்கள் ஏற்கெனவே நலமாக இருப்பவர்களாகவும் நேரம் உள்ளவர்களாகவும் இருந்துவிடுவார்கள். நல்ல பலனெல்லாம் திட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் 61 பேரை வைத்து அறிக்கை எழுதியிருந்தால், இந்த ஆபீஸில் எல்லாரும் ஓரளவு சுகமாகத்தான் இருக்கிறார்கள் என்று வந்திருக்கும்.

கையுறை விஷயத்துக்கு வருகிறேன். எந்த அண்டி ஆபீஸ் முதலாளியிடம் பேசினாலும், தொழிலாளர் உடல்நலம் என்று தொடங்கினால் இரண்டாவது நிமிடத்தில் கையுறை வந்துவிடும். "வாங்கிக் கொடுத்தேன், போடவில்லை. அவர்களே வேண்டாம் என்றால் நான் என்ன செய்வது?" எங்கள் முதலாளியும் வாங்கிக் கொடுத்தார். பில் என்னிடம் இருக்கிறது. அவர்கள் போடாததும் உண்மை. ஒருநாள் நானே கையுறை மாட்டிக்கொண்டு கட்டிங் மெஷினில் உட்கார்ந்து பார்த்தேன். அண்டியின் வளைவு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரல் நுனிதான் சொல்ல வேண்டும். ரப்பருக்குள் விரல் ஊமையாகிவிடுகிறது. நான் வைத்த பத்தில் ஐந்து பருப்பு நடுவில் வெட்டுப்பட்டது. முழுப் பருப்புக்குக் கிடைக்கும் விலை உடைசலுக்குக் கிடையாது, அதனால் உடைத்தால் திட்டும் விழும், எடையும் குறையும். அம்மா காலத்தில் ஆமணக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள், இன்றும் பலர் அப்படித்தான். ஆமணக்கெண்ணெய் வேகத்தைக் குறைக்காது. கையுறை வேண்டாம் என்கிறவள் தன் கையை வெறுக்கிறவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கையுறைக்குக் காசு முதலாளி கொடுத்தார், கையுறையோடு போகிற நேரத்துக்கு அவள் கொடுக்க வேண்டியிருந்தது.

இப்படித்தான் எல்லாம். எடைக் கூலியில் உடம்பைப் பார்த்துக்கொள்கிற ஒவ்வொரு நிமிடமும் அவளுடைய பையிலிருந்து போகிறது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் இரண்டு நிமிடம். எழுந்து முதுகை நிமிர்த்தினால் ஒரு நிமிடம். சாயா குடிக்கப் போனால் பத்து. அதனால் தண்ணீரும் குடிப்பதில்லை. எங்கள் பீலிங் அறையில் போர்மாவின் சூடு சுவர் வழியாகவே வரும், பருப்புத் தோல் பறக்கும் என்று மின்விசிறியை மெல்லத்தான் ஓட்டுவார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் காலையில் வீட்டில் குடித்துவிட்டு வந்தால் மதியக் கஞ்சியோடுதான் மறுபடி குடிப்பார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஓர் அக்கா சொன்னார்: "வெள்ளம் குடித்தால் எழுந்து போக வேண்டும். போனால் அங்கே வரிசை. வரிசையில் நின்றால் எடை போச்சு."

கழிப்பறை பெண்களுக்கு மூன்று. அதில் ஒன்றில் காலிச் சாக்கு அடுக்கியிருந்தது. 25 பெண்களுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. சாக்கு அடுக்கிய கழிப்பறையும் கணக்கில் ஒன்றாகத்தான் ஏறியிருந்தது, ஏற்றியது நான். சிறுநீரை அடக்கி அடக்கி வருகிற தொற்றும் அடிவயிற்று வலியும் எத்தனை பேருக்கு என்று எந்த முகாமின் நான்கு மேசையிலும் யாரும் கேட்கவில்லை. பிரஷர் பார்க்கிற பையனிடம் அவர்களும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அந்த 146-க்கு வருகிறேன். தொழிற்சாலைகள் சட்டம் 1948-இலேயே வரிசையாக எழுதிவைத்தது: 150 பேருக்கு மேல் என்றால் ஓய்வறையும் சாப்பாட்டு அறையும், 250 பேருக்கு மேல் என்றால் கேன்டீன், 30 பெண்களுக்கு மேல் என்றால் குழந்தைகள் காப்பகம். நான் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் மஸ்டர் ரோல் 150-ஐ ஒருமுறைகூடத் தொட்டதில்லை. 148 வரை போயிருக்கிறது. காப்பகத்துக்கு ஓர் அறை உண்டு, அதில் எடை மெஷினின் பழைய தட்டு இருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுக்கு முன்பே சட்டம் சொன்னதைச் செய்யாமல், யோகா வகுப்பு வைக்கலாமா என்று ஆலோசகர் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். பகல் முழுவதும் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு உட்கார்ந்து செய்கிற ஆசனம்!

உட்காருவது என்றதும் சித்தி மகள் நினைவுக்கு வருகிறாள். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளம் 2018-இல் கடை ஊழியர் உட்காருவதைச் சட்ட உரிமையாக்கியது, தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. சட்டம் வந்த சில வாரங்களில் அவர்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்தது. மூன்று பேருக்கு ஒன்று. உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்ல மாட்டாராம், பார்ப்பாராம். அந்தப் பார்வைக்கு நிற்பதே மேல் என்கிறாள். காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிகிறது, 29 வயது. அவள் உட்கார முடியாமல், அம்மா எழ முடியாமல். ஞாயிற்றுக்கிழமை இருவரும் எங்கள் திண்ணையில் ஒரே தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறார்கள்.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கதைதான். குறைந்த கூலித் தொழில்களின் நடுத்தர முதலாளிகளிடம் அமெரிக்காவில் போய், ஊழியர் நலத்துக்கு ஏன் ஒன்றும் செய்வதில்லை என்று கேட்டபோது பணமில்லை, நேரமில்லை என்றார்களாம். எங்கள் முதலாளி அமெரிக்கா போனதில்லை, அதே இரண்டைத்தான் அதே வரிசையில் சொன்னார், அதைப் பார்க்க ஆளில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார். பொய்யும் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பச்சை அண்டி கப்பலில் வருகிறது, அதற்கு வங்கிக் கடன். வியட்நாமில் எல்லாம் மெஷின், அவர்கள் சொல்கிற விலைக்குத்தான் இவர் விற்க வேண்டும். ஒருகாலத்தில் கொல்லத்தில் கூலி ஏறியபோது எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்த தொழில் இது, இங்கே ஏறினால் எங்கே போகும் என்பது இவருக்குத் தெரியும். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று ஒரு துறையே இருக்கும். இங்கே அந்தத் துறை நான்தான். இ.எஸ்.ஐ., பி.எஃப்., ஜி.எஸ்.டி., கரண்ட் பில், லாரி வாடகை, தண்ணீர்க் கேன், முதலுதவிச் சாவி.

தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது, மாதா மாதம் அந்தப் பணத்தைக் கட்டுகிறவள் நான். 2019 ஜூலையிலிருந்து முதலாளி பங்கு கூலியில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. நோய் வந்து படுத்தால் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. காகிதத்தில் படித்தால் கண்ணீர் வரும், அவ்வளவு நல்ல திட்டம். ஆனால் ஆறு மாதப் பருவத்தில் 78 நாளாவது சந்தா ஏறியிருக்க வேண்டும். கப்பல் தாமதமானால் ஆபீஸ் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும், 70, 72 நாளில் நின்றுபோன பெயர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் காத்திருப்பு, அதற்குப் பணமில்லை. அதோடு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்ச் சீட்டு வாங்கி வர அரை நாள் போகிறது. பிரஷர் மாத்திரைக்கு மாதம் ஒருமுறை அரை நாள் கூலியை யார் விடுவார்கள்? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல காரியம், ஆனால் பகலில் வாசலுக்கு வந்தால் எங்கள் பெண்கள் வீட்டில் இருப்பதில்லை. அதை அரசே உணர்ந்ததுபோல 2024-இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று வேலையிடத்துக்கே வந்து பரிசோதிக்கும் திட்டம் வந்தது. வந்தால் சரி. வந்தாலும் எழுந்து போய் நிற்கிற நேரம் யாருடையது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

எனவே நான் முதலாளியிடம் திட்டம் எதுவும் கேட்கவில்லை. எடைப் புத்தகத்தில் நேர வரவு எழுதத் தனியாக ஒரு நெடுக்குப் பத்தி கேட்டேன். போன மாதம் ஒருத்தி சராசரியாக மணிக்கு எவ்வளவு தோலெடுத்தாளோ, அந்த விகிதத்தில் காலையில் பத்து நிமிடமும் மதியத்துக்கு மேல் பத்து நிமிடமும் அவள் கணக்கில் வரவு வைப்பது. அந்த இருபது நிமிடத்தில் அவள் என்ன செய்தாலும் சரி. மருந்தகத்துக்குப் போனால் சீட்டைக் காட்டி மாதம் ஒரு அரை நாள் வரவு. சாக்கைக் கழிப்பறையிலிருந்து அகற்றுவது, இன்னும் ஒன்று கட்டுவது. அவ்வளவுதான்.

"பக்கத்து ஆபீஸில் இப்படி இருக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். "இருபது நிமிடம் கொடுத்தால் நாற்பது எடுப்பார்கள்." எடுத்தால் எடை குறையும், நஷ்டம் அவர்களுக்குத்தானே என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் நடந்த ஓர் ஆய்வையும் சொன்னேன். பழைய விளக்குகளை மாற்றி எல்.இ.டி. போட்டார்கள். மின்சாரம் மிச்சமாவதற்காகத்தான் போட்டது. ஆனால் எல்.இ.டி. சூட்டைக் குறைவாக விடுவதால் வெயில் நாட்களில் பெண்கள் கூடுதலாகத் தைத்தார்கள். அந்த உற்பத்தியையும் சேர்த்துக் கணக்கிட்டால் போட்ட பணம் திரும்பி வருகிற காலம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. ஹார்வர்டு எண்ணுக்குத் தலையாட்டாத முதலாளி இதற்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். விளக்கு என்றால் கண்ணுக்குத் தெரிகிற பொருள், பில் உண்டு, கழற்றி விற்கலாம். பீலிங் அறை விளக்குகளை அந்த வாரமே மாற்றினார். என் பத்திக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார், பார்க்கலாம் என்று.

முதல் வாரம் யாரும் எழுந்திருக்கவில்லை. மணி அடித்தாலும் குனிந்த தலை நிமிரவில்லை. நம்பிக்கை இல்லை. பிறகு சனிக்கிழமை கூலி வாங்கும்போது நேர வரவு என்று தனியாக எழுதியிருந்ததைச் சிலர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பெரியம்மா என்னிடம் வந்து, "இது பிறகு பிடிப்பார்களா மக்களே?" என்றார். இல்லை என்றேன். எட்டு ஆண்டு சாவியை வைத்திருந்தவள் சொல்லை எதற்கு நம்ப வேண்டும்? அவர் அடுத்த வாரமும் எழவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் எழுந்தாள், வரவும் குறையவில்லை. மூன்றாவது வாரம் பெரியம்மா எழுந்து, கையை ஊன்றி, முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டு வந்தார்.

பெரிய மாற்றம் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கையுறை இன்னும் மூலையில்தான் இருக்கிறது. முட்டிவலி முட்டிவலியாகவே இருக்கிறது. மஸ்டர் ரோல் 147-இல் நிற்கிறது. இரண்டு பேர் அரை நாள் வரவில் மருந்தகத்துக்குப் போனார்கள், ஒருவருக்குச் சர்க்கரை கண்டுபிடித்து மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். மொத்த எடை முதல் இரண்டு வாரம் கொஞ்சம் இறங்கிப் பிறகு பழைய இடத்துக்கு வந்தது. உடைசல் கூடவில்லை, முதலாளி அதைத்தான் முதலில் கேட்டார். முதலுதவிப் பெட்டியின் பூட்டை நான் கழற்றிவிட்டேன். பஞ்சு ஒருமுறை காணாமல் போனது. போகட்டும்.

தவணை முடிந்து பில்களை எடுத்துக்கொண்டு முதலாளியின் மேசைக்குப் போனேன். ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தவர் ஒன்றில் நின்றார். தண்ணீர்க் கேன் பில். 20 லிட்டர் கேன், பீலிங் அறைக்கு ஒரு நாளைக்கு இரண்டு போதும், மாலையில் அதிலும் மிச்சம் இருக்கும். இந்த மாதம் ஒரு நாளைக்கு ஐந்து. வண்டிக்காரன் ஏமாற்றுகிறானா என்று கேட்டார். இல்லை, குடிக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பில்லை எடுத்தார். அது கழிப்பறைக்கு வாங்கிய செங்கல்.